வடக்கு வரிசை அம்பாரம்

ஏப்ரல் 2, புதன்

இந்த டைரி சின்னப் பேரன் ரூபன் கொடுத்தது. அவன் மருந்துக் கடைக்கு இனாமாக வந்ததாம். ஜனவரியிலேயே கொடுத்தான். பேனா இன்றைக்குத்தான் கிடைத்தது.

முதல் பக்கத்தில் பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். நாளைக்கு யார் கையில் கிடைத்தாலும் எந்த வீட்டு டைரி என்று தெரிய வேண்டும்.

மூத்தவன் ஜெபசிங், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஏழு மாடி உயரத்தில் உட்கார்ந்து, லாரி அளவுள்ள பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைக்கிறான். இதுவரை ஒரு பெட்டியைக்கூட எங்கேயும் இடித்ததில்லை. அடுத்தவள் ஹெப்சி, மஸ்கட்டில் நர்ஸ். படிப்பில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்த பெண் கல்யாணம் முடித்து வீட்டோடு இருக்கிறாள், ஆகவே இப்போது ஹெப்சிதான் முதலாவது. ரூபன் எந்த டாக்டர் கிறுக்கினாலும் ஒரே பார்வையில் வாசித்துவிடுவான்.

நான்காவது ஜெர்லின். என் மகன் தனசிங்கின் கடைக்குட்டி. உப்பு லாரி டிரைவர் மகள். அரசாங்க உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படிக்கிறாள்.

இதை எழுதிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

நான் தங்கபுஷ்பம். ஐந்தாம் வகுப்பு. நாற்பத்தாறு வருஷமாய் உப்பளத்தில் வேலை. மூத்த மூன்று பேருடைய படமும் சுவரில் சட்டம் போட்டு இருக்கிறது. ஜெர்லின் படம் மட்டும் ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டிய ஆறாம் வகுப்புப் படம். செல்லில் அனுப்பினால் அவள் அம்மா, என் மருமகள் ரெபேக்காள், செல் மாற்றும்போது படமும் போய்விடுகிறது. உடுப்புப் போட்டு, விமானத்தின் மேல் கை வைத்து ஒரு காகிதப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு என்று நான்கு மாதமாய்க் கேட்கிறேன். அனுப்பவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஜெர்லின் பேசினாள். போன வாரம் தனியாகப் பறந்தாளாம். வாத்தியார் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாராம். விமானத்தில் இவளும் ஒரு காலி நாற்காலியும்தான்.

"பயமா இல்லையாட்டி?"

"பக்கத்துல ஆள் இல்லன்னா விமானம் லேசாயிருது ஆச்சி. சட்டுன்னு மேல ஏறிட்டு. அதான் பயம்."

மேலே இருந்து என்ன தெரியும் என்று கேட்டேன். ரோடு தெரியும், குளம் தெரியும், ரயில் தெரியும் என்றாள். ஒரு தடவை வாத்தியாரோடு கடற்கரை வழியாக வரும்போது நம் உப்பளத்தையும் பார்த்தாளாம்.

"எங்கள எல்லாம் பாத்தியா?"

"ஆள் தெரியாது ஆச்சி. உப்பு அம்பாரம்தான் தெரியும். இட்லி வச்சாப்புல வரிசையா, வெள்ளை வெள்ளையா."

நாற்பத்தாறு வருஷமாய் நான் உப்பைக் குவித்த இடம் மேலே இருந்து இட்லித் தட்டாம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அளத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. சபை ஐயர் சுகவீனமாய் இருந்ததால் பிரசங்கம் சுருக்கம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஜெர்லினுக்கு லீவு இல்லை. போனில்தான் வாழ்த்துச் சொன்னாள். ஒரு நல்ல சேதியும் சொன்னாள். வருகிற சனிக்கிழமை தனியாக நீண்ட தூரம் பறக்க வேண்டுமாம். பறக்கும் பள்ளியில் கிளம்பி, கடற்கரையோரமாகவே தெற்கே வந்து, கலங்கரை விளக்கம் தாண்டித் திரும்ப வேண்டும். இது முடிந்தால்தான் லைசென்சுக்கு அடுத்த படி.

"அப்போ நம்ம அளத்து மேலதான் வருவியா?"

"ஆமா ஆச்சி. பத்து மணி வாக்குல."

"வந்து ஒரு சுத்து சுத்து."

"அதெல்லாம் செய்யக் கூடாது. நேரா வரணும், நேரா போகணும்."

"ரெக்கைய மட்டும் ஒரு ஆட்டு ஆட்டேன். பொம்பளைங்க பாக்கட்டும்."

பிறகு, "சரி, ஒரே ஒரு ஆட்டு. வாத்தியார்ட்ட சொல்லிராத" என்றாள். அந்த வாத்தியாரை நான் எங்கே பார்க்கப் போகிறேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

அளத்தில் பதினான்கு பெண்களிடமும் சொல்லிவிட்டேன். பிச்சைக்கனிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. "யக்கா, போன மாசம் வாரேன்னு சொன்ன மந்திரியே வரல. ஆகாசத்துல போற பிள்ள நமக்காவ வருமா?" என்றாள். அவள் பையன் மூன்று வருஷமாய் ஒரே வகுப்பு. அதனால் அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

கங்காணி துரைப்பாண்டியிடமும் சொன்னேன். பத்து மணிக்கு அரை மணி நேரம் வேலையை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஊர்க் கிணற்றடியிலும் கேட்கிறார்கள், எத்தனை மணிக்கு என்று. பால்வாடி டீச்சர் பிள்ளைகளை வரப்பு வரைக்கும் கூட்டி வருகிறாளாம். என் மஞ்சள் சேலையைத் துவைத்துப் போட்டேன். காயவே இல்லை. சித்திரை மாசத்தில் சேலை காயாமல் கிடக்கிறது.

ஏப்ரல் 26, சனி, காலை

டைரியைத் தூக்குவாளிப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். அவள் வரும் நேரத்தை அப்படியே எழுத வேண்டும். இப்போது மணி எட்டே கால். உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் அம்பாரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.

பாத்தியில் இன்றைக்கு உப்புப் பூக்கவில்லை. தினமும் விடிந்ததும் தண்ணீர் மேல் ஆடை போல ஒன்று படரும். இன்றைக்கு இல்லை. பாத்தியை விட்டு ஏறி நாலு எட்டு நடந்தால் கால் வெள்ளை பூத்துக் காய்ந்துவிடும். இன்றைக்கு அதுவும் காயவில்லை. காற்று இல்லாததால் இருக்கும்.

தெற்கே கடல் விளிம்பில் கறுப்பாய் ஒரு வரி. கண் மை இழுத்த மாதிரி. அந்தப் பக்கம் அப்படி இருப்பதுண்டு.

எட்டு மணிக்கு ஜெர்லின் கூப்பிட்டாள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் வானிலை வருகிறது. மூட்டம் மட்டும், மழை இல்லை என்று போட்டிருக்கிறதாம். ஆனாலும் சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடம் போகும்போதே, "ஆச்சி, வானம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் குடை எடுப்பாள். இன்றைக்கும் கேட்டாள்.

"ஆச்சி, அங்க வானம் எப்படி?"

வெள்ளையாய் இருக்கிறது, வா என்றேன். தலைக்கு மேலே வெள்ளையாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்கே பெண்கள் வந்து நிற்பார்கள். பிச்சைக்கனி பூ வைத்து வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 26, சனி, மாலை

பிள்ளை பத்திரமாய் இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு எல்லாரும் வரப்பில் நின்றோம். பால்வாடிப் பிள்ளைகள் இருபது பேர். எல்லாரும் வடக்கே பார்த்தார்கள். நானும் வடக்கேதான் பார்த்தேன். ஆனால் முதுகு குளிர்ந்தது. சித்திரை வெயிலில் முதுகு குளிர்ந்தால் என்ன அர்த்தம் என்று அளத்தில் இருக்கிற எவளுக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தேன்.

கண் மை வரி என்று எழுதினேனே, அது எழுந்து நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததில்லை. புயல் பார்த்திருக்கிறேன், சுனாமி அன்றைக்குக் கடல் உள்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். இது சத்தமே இல்லாமல் வந்தது. அடியில் ஈயச் சட்டி நிறம். மேலே மேலே அண்ணாந்தால் காலிபிளவர் போல வெள்ளை, அந்த வெள்ளையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கோயில் கோபுரத்தையெல்லாம் அதன் காலடியில் நிறுத்தினால் கற்பூரக் கட்டி போல இருக்கும். அதன் நடுவில் மின்னல் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே விளக்கை ஏற்றி ஏற்றி அணைத்தது. கடல் இரண்டாய்ப் பிரிந்து நின்றது. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கறுப்பு. கோடு போட்டாற்போல. அந்தக் கோடு நடந்து வந்தது.

ஆண்டவரே, உம்முடைய கை இவ்வளவு பெரியதா என்று நினைத்தேன். பயத்தில் அல்ல. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். வடக்கே, எங்களுக்கும் வானத்துக்கும் நடுவில், ஒரு கொசு. தையல் மிஷின் ஓடுகிற மாதிரிச் சத்தம். நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே வெள்ளை மூட்டம் தொங்கியது. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைக்குப் பின்னால் நிற்கிற கறுப்பு தெரியாது. அது எனக்குப் புரிந்தது.

பெண்கள் சேலைத் தலைப்பை வீசினார்கள். நான்தான் வீசச் சொல்லியிருந்தேன்.

"மூடுங்கடி!" என்று கத்தினேன்.

"என்னக்கா?"

"அம்பாரத்த மூடுங்கடி! வடக்கு வரிசை! வடக்கு வரிசைய மூடுங்க!"

"யக்கா, பிள்ள வருதுக்கா, பாத்துட்டு மூடுவோம்" என்றாள் பிச்சைக்கனி. அவள் கொண்டையில் இருந்த பூவோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளிவிட்டேன். பிறகு ஒருத்தியும் கேள்வி கேட்கவில்லை. தார்ப்பாய் ஒவ்வொன்றும் எருமைக்கன்று கனம். நாலு பேர் நாலு முனையைப் பிடித்து ஏறினோம். முதல் அம்பாரம் கறுப்பாயிற்று. இரண்டாவது. மூன்றாவது அம்பாரத்தில் சறுக்கி விழுந்து எனக்கு முழங்கால் உரிந்தது. உரிந்த இடத்தில் உப்பு. அப்போது தெரியவில்லை. நான்காவது. விமானம் இன்னும் வந்துகொண்டே இருந்தது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஐந்தாவதை மூடும்போது பிள்ளைகள் துள்ளினார்கள்.

"ஆட்டுது! ரெக்கைய ஆட்டுது!"

ஆமாம், ஒரு பக்க இறக்கை சாய்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. இறக்கை சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. ஆட்டினால் மறுபக்கமும் வர வேண்டுமே. மெதுவாக, அவசரமே இல்லாத மாதிரி, பாதி வானத்தைச் சுற்றி வாலைக் காட்டிக்கொண்டு வந்த வழியே போனது. கொசுவாகி, புள்ளியாகி, ஒன்றுமில்லாமல் ஆயிற்று.

"இதுக்கா இவ்வளவு?" என்றாள் ஒருத்தி.

அவள் சொல்லி முடிக்கவில்லை, காற்று அடித்தது. பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைத்து அவர்கள் மேல் நாங்கள் படுத்துக்கொண்டோம். ஆறாவது தார்ப்பாய் கையை விட்டுப் பறந்து கருவேலங்காட்டில் போய்த் தொங்கியது. மழை துளியாக விழவில்லை. அண்டாவோடு கவிழ்த்த மாதிரி விழுந்தது. நாலு மாதமாய் விளைந்த பாத்திகள் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாயின. தரைக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். அந்த இடத்தில்தான் அவள் இருந்திருப்பாள்.

முக்கால் மணி நேரம். பிறகு வெயில், ஒன்றும் நடக்காத மாதிரி.

செல் டவர் போய்விட்டது. பதினொரு மணியிலிருந்து ஒன்றே கால் மணி வரைக்கும் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ரெபேக்காள் ஈரச் சேலையோடு வாசலில் நின்றாள். என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே கால் மணிக்கு என் செல் அடித்தது.

"ஆச்சி, எறங்கிட்டேன்."

ஏப்ரல் 27, ஞாயிறு

முழங்காலில் ரூபன் மருந்து போட்டான். கோயிலில் முழங்கால் போட முடியவில்லை. நின்றுகொண்டே ஜெபித்தேன்.

ஜெர்லின் முழுவதையும் சொன்னாள். திரும்பிப் போனால் அங்கேயும் வழி மூடிக்கொண்டிருந்ததாம். பறக்கும் பள்ளிக்கும் இவளுக்கும் நடுவில் இன்னொரு மேகம் எழுந்துவிட்டது. வாத்தியார் குரல் ரேடியோவில் விட்டு விட்டு வந்தது. இவள் மேற்கே கரிசல் காட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டதாம். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாளாம். வேகத்தைக் குறை. மேகத்துக்குக் கீழேயே இரு. இறக்கையை நேராக வை. இறங்க இடம் பார்.

அங்கே வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது, வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் அது சிவப்பாய் இருக்கிறது. ஊர்க்காரர்கள் முழுக்க மிளகாய் வற்றல் காயப் போட்டிருக்கிறார்கள்! மழை இருட்டு கண்டு பாதியை அள்ளி முடித்திருந்தார்கள். தாழப் பறந்து ஒரு தடவை பார்த்தாள். ஆட்கள் ஓரமாய் ஓடினார்கள். அள்ளிய பாதியில் இறங்கிவிட்டாள். அவள் கதவைத் திறந்ததும் ஒரு கிழவர் வந்து, "ஏ பிள்ள, ஒன் காத்தாடி காத்துல எங்க வத்தல் எல்லாம் ஓடைக்குப் போயிட்டுல்லா, யாரு பொறுக்குவா?" என்று கேட்டாராம். இவள்தான் பொறுக்கினாளாம். மழை வரும் வரைக்கும் பொறுக்கினாளாம். கை எரிச்சல் இன்னும் போகவில்லையாம்.

"பயமா இல்லையாட்டி?"

"வத்தல் பொறுக்கும்போதுதான் பயம் வந்துச்சு ஆச்சி."

பிறகு சொன்னாள். "முன்னால ஒரே வெள்ளையா இருந்துச்சு. மூட்டம்தானேன்னு வந்துக்கிட்டே இருந்தேன். இன்னும் ஒரு நிமிசம் வந்திருந்தா உள்ள போயிருப்பேன். கீழ பாத்தேன், நம்ம அம்பாரம் ஒண்ணொண்ணா கறுப்பா மாறுது. அளத்துல பத்து மணிக்கு அம்பாரத்த மூடுறாங்கன்னா மழை தலைக்கு மேல நிக்குன்னு எனக்குத் தெரியாதா? அப்படியே திருப்பிட்டேன். நல்ல வேளை, யாருக்கோ சரியான நேரத்துல மூடத் தோணிருக்கு."

"ஆமா, நல்ல வேளை" என்றேன்.

"காலையில கேட்டேன்லா ஆச்சி, வானம் எப்படின்னு."

"கேட்ட."

"சரி ஆச்சி, வச்சிருதேன்."

ஏப்ரல் 28, திங்கள்

தெற்கு வரிசையில் ஆறு அம்பாரம் கரைந்து போயிற்று. கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"மழை தெக்க இருந்து வருது. தெக்கு வரிசைய விட்டுட்டு வடக்கு வரிசைய ஏன் மொதல்ல மூடுன? நாப்பத்தாறு வருசம் நின்னவளுக்கு இது தெரியாதா?"

நான் தார்ப்பாயின் முனையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பேத்தி வாராங்கற பெருமையில திசையே மறந்து போச்சு" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். சிரித்தார்கள். இத்தனை வருஷமாய் வேலை வாங்கிக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்ற என்னை, நிற்க வேண்டாம் என்றார் கங்காணி. இனிமேல் பிச்சைக்கனி நிற்பாளாம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வடக்கு வரிசையைப் பார்த்தாள், பிறகு அதற்கு நேர் மேலே வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "யக்கா" என்று வாயெடுத்தாள். வேலையைப் பாரு என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பாத்தியில் மழைத் தண்ணீரை வரப்பு வெட்டி வடியவிட்டோம். மறுபடியும் முதலிலிருந்து.

மே 4, ஞாயிறு

கிணற்றடியில் கேட்டார்கள், பேத்தி ஏன் பாதியில் திரும்பிப் போனாள், பயந்துவிட்டாளா என்று. ஜெர்லினைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் அரை மணி நேரம் வேண்டும். இன்றைக்கு, "ஆமா, திரும்பிட்டா" என்று மட்டும் சொல்லிக் குடத்தைத் தூக்கினேன். சொல்லும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. அது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

நேற்று ஜெர்லினின் வாத்தியார் ரெபேக்காளிடம் போனில் பேசினாராம். மேகத்துக்குள் போனவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். உள்ளே போகாமல் திரும்பிய பிள்ளைகள் குறைவு என்றாராம். ரெபேக்காள் அதை என்னிடம் சொன்னாள். இந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மே 6, செவ்வாய்

ஜெர்லினுக்குக் கடிதம் எழுதினேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. தபாலில் போடுமுன் இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்.

அன்புள்ள பேத்தி ஜெர்லினுக்கு ஆச்சி எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். உன் கை எரிச்சல் போயிற்றா? தேங்காய் எண்ணெய் போடு.

நீ வானம் எப்படி என்று கேட்ட அன்றைக்குக் காலையில் பாத்தியில் உப்புப் பூக்கவில்லை. என் கால் காயவில்லை. தெற்கே கறுப்பு வரி இருந்தது. மூன்றும் மழைக்கு அடையாளம். மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வெள்ளை என்று சொன்னேன். பதினான்கு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன், பால்வாடிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அதற்காகச் சொன்னேன். வேறு காரணம் இல்லை. நீ சின்னப் பிள்ளையிலிருந்து என்னிடம் கேட்டு நான் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். இனிமேலும் நீ என்னிடம் கேட்க வேண்டும். கேட்டால் காலைப் பார்த்து, பாத்தியைப் பார்த்து, நாலு திசையும் பார்த்து உள்ளதைச் சொல்லுவேன். கேட்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

அந்த மேகத்தை நீ மேலே இருந்து பார்த்தாய், நான் கீழே இருந்து பார்த்தேன். அது எவ்வளவு பெரியது என்று நம் குடும்பத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதற்கு முன்னால் நீ எவ்வளவு சின்னதாய் இருந்தாய் என்பது எனக்கு மட்டும் தெரியும். நீ அவசரப்படாமல் திரும்பினாய். இறக்கை சாய்ந்ததைக் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன்.

உடுப்புப் போட்டு, விமானத்தின் மேல் கை வைத்து எடுத்த படம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அது வேண்டாம். மழை பெய்கிற நாளில், விமானத்தைக் கயிறு போட்டுத் தரையில் கட்டி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதன் பக்கத்தில் குடை பிடித்து நீ நிற்கிற மாதிரி ஒன்று எடு. கால் தரையில் இருப்பது தெரிய வேண்டும். ரிப்பன் படத்தைக் கழற்றி ஆணியைக் காலியாக வைத்திருக்கிறேன். செல்லில் வேண்டாம். காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு.